உயரமும் சமத்துவமும்

சாப்பாட்டு மேஜை பெரியவர்களின் உடம்பை அளவெடுத்துச் செய்த பொருள். அதில் குழந்தைக்கு இடம் தர இரண்டு வழிகள்தான்: மேஜையைத் தாழ்த்துவது, அல்லது குழந்தையை உயர்த்துவது. மேஜையை யாரும் தாழ்த்துவதில்லை. உயர நாற்காலி என்ற ஏற்பாட்டின் சிக்கல் இங்கேயே தொடங்கிவிடுகிறது. ஒருவனுக்குச் சம இடம் தருகிறோம் என்னும்போது, அசைய வேண்டியவன் அவனாகவே இருக்கிறான்.

பழைய மாதிரி நாற்காலியில் முன்புறம் ஒரு பலகை, இடுப்புக்கு வார். குழந்தை நம் கண் மட்டத்துக்கு வந்துவிடுகிறது, மேஜைக்கு வருவதில்லை. தன் குட்டி மேஜையோடு சற்றுத் தள்ளி நிறுத்தப்படுகிறது. கால்கள் அந்தரத்தில். 1972ல் நார்வேக்காரரான பீட்டர் ஒப்ஸ்விக் வடிவமைத்த 'ட்ரிப் ட்ராப்' நாற்காலி இந்த ஏற்பாட்டின் மீதான விமர்சனமாகவே எனக்குப் படுகிறது. முன்பலகை இல்லாமல், குழந்தை குடும்ப மேஜையை ஒட்டியே அமர்கிறது. இருக்கையையும் கால்பலகையையும் வளர்த்திக்கு ஏற்ப ஏற்றி இறக்கலாம். முக்கியம் கால்பலகைதான். காலூன்ற இடம் கிடைத்த குழந்தை, சற்று வளர்ந்ததும், தானே ஏறும், தானே இறங்கும்.

தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்ட நமக்கு இந்தப் பிரச்னை இல்லை என்று சொல்லலாம். அது சௌகரியமான பதில். தரை எல்லோர் உயரத்தையும் ஒன்றாக்கியது உண்மை. முதல் பந்தியில் யார், அடுக்களையில் கடைசியாக யார், வாசலோடு நின்றவர் யார் என்பதை அது கலைக்கவில்லை. உயரம் ஒன்றானால் ஸ்தானம் ஒன்றாகிவிடாது.

அப்படியானால் அளவுகோல் எது? விருப்பப்படி வரவும் போகவும் முடிவது என்று நினைக்கிறேன். புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி பாடும் குழந்தை தன் காலால் நடந்து வந்து நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் சிதறிக்கொள்கிறது. அதை யாரும் ஏற்றி உட்கார்த்தவில்லை. அதனாலேயே பெரியவர்களின் ஒழுங்கைக் கலைக்க அதற்கு உரிமை இருக்கிறது.

வார் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். விழுந்தால் மண்டை உடையும். பாதுகாப்புக்காகக் கட்டுகிறோம் என்பது பொய்யல்ல. ஆனால் கட்டிவைத்தவர்கள் எல்லோரும் எக்காலத்திலும் சொல்லிவந்த காரணமும் இதுதான். கட்டும்போதே அவிழ்க்கும் நாளையும் யோசித்தாயிற்றா என்பதைக் கொண்டே இரண்டையும் பிரித்தறிய முடியும். கால்பலகை அந்த யோசனையின் அடையாளம்.