சுமந்தவர் யார்?

வழிகாட்டி இல்லை, கையில் ஒரு வரைபடம், ஏறிக்கொள்ள ஒரு சைக்கிள். பிரான்சில் பர்கண்டிப் பிரதேசத்தில், போன் என்ற ஊரிலிருந்து சான்தனே வரை திராட்சைத் தோட்டங்களினூடே சுமார் 22 கிலோமீட்டர் ஓடும் பாதையில் அப்படித்தான் புறப்பட்டேன். பொமார், வொல்னே, மெர்சோ என்று ஊர்கள் வந்தன, போயின. நினைத்த இடத்தில் நின்றேன். யாருடைய தயவும் இன்றிப் போகிறோம் என்று மனம் பூரித்தது.

மாலையில் விடுதிக்குப் போனால், என் பெட்டி எனக்கு முன்பே வந்து அறையில் காத்திருந்தது! யாரோ ஒருவர் வண்டியில் ஏற்றி வந்து, மாடிவரை சுமந்து வைத்திருக்கிறார். அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

வழியில் கண்ட காட்சியும் அப்போது உறுத்தியது. அறுவடைக் காலம். அங்கே குலைகள் முழங்கால் உயரத்தில்தான் தொங்கும். பறிப்பவர்கள் நாளெல்லாம் குனிந்தே நிற்க வேண்டும். நானோ அதைப் பார்த்து, 'என்ன அழகு!' என்று வியந்துவிட்டு வந்திருந்தேன்.

காசு கொடுத்தாயிற்றே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். காசு கூலியைத் தீர்க்கும். 'நானே வந்தேன்' என்ற பொய்யையும் தீர்க்குமா? பிறர் உதவி பெறுவது இழிவல்ல. பெற்றதை மறந்துவிட்டு, அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைப்பதுதான் இழிவு.

மறுநாள் காலை பெட்டியை நானே கீழே இறக்கினேன். அவர் வரும்வரை சைக்கிளில் ஏறவில்லை.