காணாமையும் இன்மையும்: இணையத் தேடல் பற்றிய ஓர் அறநோக்கு

ஒரு பொருளைத் தேடிக் காணாதவன், அப்பொருள் இல்லை என்று உரைக்கும் உரிமையை எப்பொழுது பெறுகின்றான்? இவ்வினா மெய்யியலுக்குப் புதியதன்று. மணிமேகலையின் 27ஆவது காதை, அளவைகளை எண்ணுமிடத்து அபாவத்தையும் அவற்றுள் ஒன்றாக எண்ணுகின்றது. பாட்ட மீமாஞ்சகரும் அத்துவைதிகளும் காணாமையும் அறிவு தரும் வாயில்களுள் ஒன்றே என ஏற்று, அதனை அனுபலப்தி என வழங்கினர். ஆயினும் அவர்கள் அதற்கொரு நிபந்தனை விதித்தனர். பொருள் அங்கிருந்திருப்பின் காணப்பட்டே தீரும் என்னும் நிலை அமைந்த விடத்து மட்டுமே, காணாமை இன்மைக்குச் சான்றாகும். விளக்கெரியும் அறையிற் குடத்தைக் காணாதவன் குடம் இல்லை எனலாம். இருட்டறையில் நிற்பவன் அவ்வாறு கூறுதல் பொருந்தாது.

பண்டைத் தருக்க நூலார் எழுப்பிய இவ்வினா, இன்று கணினித் திரையின் முன் அமரும் ஒவ்வொரு மாணவனுக்கும் உரிய வினாவாகியுள்ளது. இணையத் தேடுபொறியிற் சில சொற்களை இட்டு, வருவனவற்றுள் முதற் சிலவற்றை நோக்கி, எஞ்சியவை இல்லை எனக் கொள்ளும் வழக்கம் பரவியுள்ளது. நல்ல பெறுபேறுகளைப் பெறுதல் என்பது பெரும்பாலும் ஒரு கைத்திறனாகவே பேசப்படுகின்றது. அது கைத்திறன் என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்திறன் இருட்டறையில் விளக்கேற்றும் திறனாதலின், அதனைக் கைக்கொள்ளாது "இல்லை" என்பவன் அறிவில் மட்டுமன்றி அறத்திலும் தவறுகின்றான் என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

எடுத்துக்காட்டாகப் பொல்பிட்டியவை நோக்கலாம். நுவரெலியா மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் அமைந்த இவ்வூரின் பெயர், 1969இல் இயங்கத் தொடங்கிய நீர்மின் நிலையத்தினாற் பலரறிய நிற்கின்றது. லக்சபான மின்திட்டத் தொகுதியைச் சேர்ந்த அந்நிலையத்தின் அலுவல்முறைப் பெயர் சமனல மின்நிலையம் என்பதாகும். சூழவுள்ள மலைச்சரிவுகளிலே தேயிலைத் தோட்டங்களும், அவற்றின் லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரும் உளர். இம்மக்களின் வரலாற்றை எழுத விழையும் ஒரு மாணவன் ஊர்ப்பெயரை மட்டும் இட்டுத் தேடுவானாயின், மின்நிலையம் முன்னே வந்து நிற்பதும் மக்கள் பின்னே மறைவதும் எதிர்பார்க்கத்தக்கனவே. மின்நிலையத்தைப் பற்றி அரசும் பொறியியலாளரும் எழுதியுள்ளனர். லயத்தில் வாழ்ந்தவரைப் பற்றி எழுதியோர் சிலரே.

இதற்குரிய காரணம் தேடுபொறி இயங்கும் முறையிலேயே அடங்கியுள்ளது. தேடுபொறி உலகைத் தேடுவதில்லை. தான் முன்னரே சென்று படித்துச் சொல்வாரியாக அமைத்து வைத்த அட்டவணை ஒன்றையே அது தேடுகின்றது. நூலின் இறுதியிலுள்ள சொல்லடைவில் இடம்பெறாத சொல், நூலில் இல்லாத சொல்லாகத் தோன்றுதல் போன்றது இது. வரிசைப்படுத்தும் முறையும் நோக்கத்தக்கது. 1998இல் ஸ்டான்போட் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களாயிருந்த லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகிய இருவரும் வெளியிட்ட முறையின்படி, ஒரு பக்கத்தைச் சுட்டும் பிற பக்கங்களின் தொகையும் மதிப்பும் அப்பக்கத்தின் மதிப்பை நிறுவுகின்றன. பின்னர் வேறு பல அளவுகோல்களும் சேர்ந்தன. ஆயினும் பலராற் சுட்டப்படுவது மேலும் பலராற் காணப்படும் என்னும் நியதி முற்றாக மாறிவிடவில்லை. முதலில் நிற்பது பலர் நாடியதாகலாம். அதுவே உண்மையானது என்றோ முழுமையானது என்றோ கொள்ளுதற்கு இடமில்லை.

எனவே விளக்கேற்றும் பணி தேடுவோனுடையதாகின்றது. அப்பணியின் முதற்படி சொல்லைப் பற்றியது. மலையகத்தின் ஊர்ப்பெயர்கள் தமிழில் ஒருவழிப்பட எழுதப்பட்டனவல்ல. ஹட்டன் எனவும் அட்டன் எனவும், நுவரெலியா எனவும் நுவரேலியா எனவும், லக்சபான எனவும் லக்ஷபான எனவும் எழுதுவர். இக்காலத் தேடுபொறிகள் இத்தகைய வேறுபாடுகள் சிலவற்றைத் தாமே ஒப்புநோக்குமாயினும், எல்லாவற்றையும் அறிவனவல்ல. தோட்டம் என்னும் சொல் தோட்டத்தை, தோட்டத்தில், தோட்டங்களுக்கு என வேற்றுமையேற்று வடிவம் மாறுவதும் தமிழிலே தேடுவோன் மறக்கலாகாதது. பொல்பிட்டிய என்பது சிங்களப் பெயர். பொல் என்பது தென்னையையும் பிட்டிய என்பது வெளியையும் குறிக்கும். ஆதலால் சிங்கள எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தேடாதவன், அறையின் ஒரு மூலையை மட்டுமே கண்டவனாவான். சொற்றொடரை இரட்டை மேற்கோட் குறிக்குள் இடுதலும், வேண்டாத சொல்லைக் கழித்தற் குறியால் விலக்குதலும், ஒரு குறித்த தளத்துக்குள்ளேயே தேடுதலும், கால எல்லை வகுத்தலும் இப்பணிக்குத் துணையாவன.

சொல் திருந்திய பின்னரும் அட்டவணைக்கு எட்டாதவை பல உள. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர் பாமினி முதலிய எழுத்துருக்களிலே தட்டெழுதப்பட்ட ஆவணங்கள், கண்ணுக்குத் தமிழாகத் தோன்றினும் கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துக்களாகவே பதிந்துள்ளன. தமிழ்ச் சொல்லை இட்டுத் தேடுவோனுக்கு அவை அகப்படா. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம், இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பெருந்தொகையாக மின்படிகளாக்கியுள்ளது. ஆனால் படமாக எடுக்கப்பட்ட ஒரு பக்கத்தின் ஒவ்வொரு சொல்லும் பொதுத் தேடுபொறிக்குப் புலப்படும் எனக் கொள்ள முடியாது. அங்குள்ள பட்டியலுக்குள் நேரே நுழைந்து, இதழைத் திறந்து, பக்கங்களைப் புரட்டுதலே வழி.

இவற்றினும் ஆழமானதொரு சிக்கல், மக்களைச் சுட்டும் பெயர்களிலே உள்ளது. குடியேற்ற ஆட்சிக்கால ஆவணங்கள் தோட்டத் தொழிலாளரைக் கூலிகள் என்றன. குடிசன மதிப்பீடுகள் இந்தியத் தமிழர் என்றன. அம்மக்கள் தம்மை மலையகத் தமிழர் என்கின்றனர். முதற் சொல்லால் தேடுவோன் துரைமாரின் ஏடுகளை அடைவான். இரண்டாவதால் அரசின் கணக்குகளை அடைவான். மூன்றாவதால் மக்களின் குரலை அணுகுவான். இழிசொல்லைத் தேடற் சொல்லாகப் பயன்படுத்துதல் அதனை ஏற்றதாகாது. எனினும் அச்சொல்லால் வந்தவற்றோடு அமைபவன், அதனை ஆண்டவரின் பார்வையையும் தன்னையறியாது ஏற்றவனாகின்றான்.

காணாமையை இன்மையாகக் கொள்ளும் பிழை எத்துணைக் கொடியது என்பதற்கு இம்மக்களின் வரலாறே சான்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தந்தையோ முன்னோரோ இலங்கையிற் பிறந்தமையை நிறுவுமாறு கேட்டது. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டம், 1946 சனவரி முதலாந் திகதிக்கு முன்னர் மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் தொடர்ந்து வதிந்தமைக்குச் சான்று கோரியது. பிறப்புப் பதிவு பலரிடம் இல்லை. வேலைநாட்களைக் காட்டும் செக்றோல் தோட்ட நிருவாகத்தின் கையில் இருந்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். குடியுரிமை பெற்றோர் ஏறத்தாழ ஆறிலொரு பங்கினரே. இதற்கு அரசியற் காரணங்கள் இருந்தன என்பது உண்மை. ஆனால் அவ்வரசியல் கைக்கொண்ட கருவி, காகிதம் இல்லையெனின் மனிதனும் இல்லை என்னும் தருக்கமேயாகும். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் 2003ஆம் ஆண்டின் குடியுரிமை வழங்கும் சட்டமும் வரையிலே அத்தருக்கத்தின் விளைவுகள் நீண்டன. இணையத்திற் கிடைக்காமையால் ஓர் ஊரின் மக்களுக்கு வரலாறில்லை என எழுதும் மாணவன் தீங்கு கருதியவனல்லன். ஆயினும் அவன் கைக்கொள்வதும் அத்தருக்கமே.

இவ்விடத்து இரு தடைகள் எழலாம். காணாமை இன்மையாகாதெனின் எப்பொய்யையும் மறுத்தல் இயலாதே என்பது ஒன்று. தருக்க நூலார் விதித்த நிபந்தனையே இதற்கு விடையாகும். ஒரு சட்டம் நிறைவேறியது என ஒருவர் கூறின், சட்டமாயின் அது அரசு வெளியிடும் தொகுப்புக்களிற் பதிவாகியே தீரும். ஆண்டு தவறாது அவற்றைத் தேடியும் காணாவிடின், இல்லை என்றுரைப்பது முறையே. லயத்திற் பாடப்பட்ட தாலாட்டு அத்தகையதன்று. அது பதிவாக வேண்டிய நியதி எதுவும் இருக்கவில்லை. ஆகவே தேடுவோன் முதலில் வினாவவேண்டியது, "இது இருந்திருப்பின் எழுதியிருக்கக் கூடியவர் யார்?" என்பதாகும். எழுதுகோல் எவர் கையில் இருந்தது என்பதை அறிந்த பின்னரே காணாமைக்குப் பொருள் கூறவியலும்.

வாழ்நாளோ சிறிது, தேடலுக்கோ முடிவில்லை என்பது மற்றொன்று. இதுவும் நியாயமானதே. முடிவின்றித் தேடுமாறு எவரையும் அறம் பணிப்பதில்லை. இன்ன மொழிகளில், இன்ன சொற்களால், இன்ன இடங்களிலே தேடியபொழுது கிடைக்கவில்லை எனத் தன் தேடலின் எல்லையைக் கூறுமாறே அது பணிக்கின்றது. "இல்லை" என்பதற்கும் "கண்டிலேன்" என்பதற்கும் இடையிலுள்ள தொலைவே ஆய்வாளனின் நேர்மையை அளக்கும் கோலாகும். அண்மைக் காலத்தில் தேடுபொறிகள் செயற்கை நுண்ணறிவின் துணையாற் பல பக்கங்களைத் தொகுத்து ஒரே விடையாகத் தருகின்றன. அத்தகைய விடை, தான் கண்டதைச் சரளமாகச் சொல்லுமளவுக்குத் தான் காணாததைச் சொல்வதில்லை. ஆகவே இந்நேர்மையின் தேவை முன்னரினும் மிகுந்துள்ளதே ஒழியக் குறைந்திலது.

வட்டகொடை மடக்கும்புரத் தோட்டத்திலே 1914இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் திரட்டினார். அவை எவ்வட்டவணையிலும் இருந்தனவல்ல. பாடியோரின் நினைவில் இருந்தன. இன்று அப்பாடல்களைத் தேடுவோன் இணையத்திற் காண்பனவும் அவ்வாறு செவிசாய்த்தோரின் உழைப்பால் வந்தனவே. திரையிற் கிடைக்காதபொழுது தோட்டத்துக்குச் சென்று முதியோரிடம் வினவுதலும், வினவியதை எழுதிப் பிறர் காணுமாறு வைத்தலும் தேடலின் பகுதிகளே. அவ்வாறு வைப்பவன், பின்வருவோனின் அறையிலும் ஒரு விளக்கை ஏற்றுகின்றான்.

பொல்பிட்டியவின் சுழலிகளைச் சுற்றும் நீரில் ஒரு பகுதி மவுசாக்கலை நீர்த்தேக்கத்திலிருந்து இறங்கி வருவது. அந்நீர்த்தேக்கம் அமைந்தபொழுது பழைய மஸ்கெலியா நகர் நீருள் ஆழ்ந்தது. கடும் வரட்சியில் நீர் வற்றும் காலங்களிலே பழைய கோயிலின் இடிபாடுகள் வெளித்தோன்றுகின்றன. மக்கள் சென்று காண்கின்றனர். நீர் நிறைந்த நாட்களில் அக்கரையில் நிற்பவனுக்கு நீர்ப்பரப்பன்றி வேறொன்றும் புலப்படாது. அங்கு கோயில் இருந்ததில்லை என்று அவன் கூறுவானாயின், அது அவனது கண்ணின் குற்றமன்று. கண்ட அளவில் அமைந்து, வினவாது திரும்பியமையின் குற்றமேயாகும்.