துடுப்பு

ஒஹாயோ ஆறு. கலங்கிய நீர். அலை இல்லை.

தென்கரை கென்டக்கி. வடகரையில் ரிப்ளி, சின்ன ஊர். 1812இல் மனை பிரித்த ஊர்.

ஒஹாயோ மாநிலம் 1803இல் அடிமை முறையை விலக்கிவிட்டே பிறக்கிறது. எதிர்க்கரையில் மனிதருக்கு விலை உண்டு.

நீரில் கோடு எதுவும் தெரியவில்லை.

•

குன்றின் மேல் செங்கல் வீடு. பாதிரியார் ஜான் ரேங்கின். மனைவி ஜீன். பதின்மூன்று பிள்ளைகள்.

இரவில் ஜன்னலில் விளக்கு எரிகிறது. தப்பி வருகிறவர்களுக்குத் தெரிகிறது. துரத்தி வருகிறவர்களுக்கும் தெரிகிறது.

அவர் சகோதரர் வர்ஜீனியாவில் அடிமைகளை வாங்குகிறார். ரேங்கின் கடிதம் எழுதுகிறார். ஒன்றல்ல, பல. 1826இல் அவை நூலாகின்றன. சகோதரர் பிறகு அவர்களை விடுவிக்கிறார்.

இரண்டு வரியில் சொல்லிவிட முடிகிறது. நடுவில் எத்தனை மௌனம்.

•

1838. மாசிக் குளிர். ஆற்றில் பனிப்பாளம் உடைந்து கிடக்கிறது. கைக்குழந்தையோடு ஒருத்தி அதன் மேல் நடந்து வருகிறாள்.

1852இல் ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் நாவலில் அவளுக்கு எலைசா என்று பெயர்.

பனியின் மேல் அவளுக்கு எந்தப் பெயரும் தேவைப்படவில்லை.

•

விளக்கைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். துடுப்பைப் பற்றிக் குறைவாக.

துடுப்பு ஜான் பார்க்கர் கையில் இருக்கிறது.

எட்டு வயதில் விற்கப்பட்டவர். நார்ஃபோக்கிலிருந்து ரிச்மண்ட் வரை சங்கிலியோடு நடக்கிறார். பிறகு அலபாமா. இரும்பு வார்க்கக் கற்றுக்கொள்கிறார். 1845இல் தம்மைத் தாமே வாங்குகிறார். விலை 1,800 டாலர்.

அந்தத் தொகையின் மேல் மூச்சு நிற்கிறது. வந்து, மறுபடி போகிறது.

•

ரிப்ளியில் ஆற்றங்கரைத் தெரு. பார்க்கரின் வீடு, வார்ப்படப் பட்டறை. பகலில் உலை. இரவில் படகு.

விடுதலை பெற்ற கறுப்பர், தப்புகிறவர்களை அழைத்துவர அடிமை முறை உள்ள கரைக்கே போகிறார். பிடிபட்டால் மீண்டும் சங்கிலி. ரேங்கினுக்கும் ஆபத்து உண்டு. இந்த ஆபத்து வேறு.

•

ஓர் இரவு. கணவன், மனைவி புறப்படத் தயார். கைக்குழந்தை முதலாளியின் கட்டிலில், அவர் காலடியில் தூங்குகிறது. பெற்றோர் ஓடாதிருக்க அப்படி ஓர் ஏற்பாடு.

பக்கத்தில் நாற்காலி. மேலே கைத்துப்பாக்கி, எரியும் மெழுகுவத்தி.

பார்க்கர் காலணியைக் கழற்றுகிறார். உள்ளே போகிறார்.

வெறுங்காலின் கீழ் மரத்தரை. தூங்குகிறவரின் மூச்சு. குழந்தையின் மூச்சு. தம் மூச்சு.

குழந்தையோடு வெளியே வருகிறார்.

•

1850இல் புதிய சட்டம். தப்புகிறவருக்கு உதவினால் ஆயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

பார்க்கரிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. தாம் கரை சேர்த்தவர்களைப் பற்றி எழுதி வைத்தது.

உலையில் போடுகிறார்.

தாள் சுருள்கிறது. கருக்கிறது. இரும்பு உருகும் வெப்பத்தில் அதற்கு நேரமே ஆகாது.

அதன் பிறகும் படகு போகிறது.

•

1865. அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம். அமெரிக்கா முழுவதும் அடிமை முறைக்குத் தடை.

கென்டக்கி சட்டமன்றம் அதை ஏற்க மறுக்கிறது. தடை அங்கும் செல்லும்.

பட்டறையில் வேலை நடக்கிறது. பார்க்கர் புகையிலை அழுத்தும் இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்குகிறார். 1900இல் இறக்கிறார்.

கென்டக்கி அந்தத் திருத்தத்துக்கு ஒப்புதல் தருவது 1976இல்.