சேதுவை எந்த ரெசல்யூஷனில் பார்ப்பது?

மானிட்டருக்கு எந்த ரெசல்யூஷன் சரி என்று கேட்டால், விவரம் தெரிந்தவர் உடனே ஓர் எண்ணைச் சொல்லிவிட மாட்டார். திரை எத்தனை அங்குலம், எவ்வளவு தள்ளி உட்காருவீர்கள், அதில் என்ன வேலை என்று நம்மையே திருப்பிக் கேட்பார். நல்ல பார்வையுள்ள கண், 60 செ.மீ. தொலைவில் சுமார் 0.17 மி.மீ. வரைதான் பிரித்தறியும். 24 அங்குல ஃபுல் எச்டி திரையில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 0.28 மி.மீ.; உற்றுப் பார்த்தால் புள்ளி தெரியும். 27 அங்குல 4கே திரையில் அது 0.16 மி.மீ.க்கும் கீழே போய்விடுகிறது. அதற்கு மேல் புள்ளிகளைக் கூட்டினாலும் அந்தத் தொலைவில் இருப்பவருக்குப் பயனில்லை. ஆக, பார்ப்பவரையும் பார்க்கும் காரியத்தையும் விட்டுவிட்டுச் சரியான ரெசல்யூஷன் என்று ஒன்று கிடையாது. கடையில் இதை எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம். ராமேசுவரம் கடலுக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம்.

இராமர் பாலம் என்று சொல்லப்படும் சேது, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 29 கி.மீ. நீள்கிறது. லேண்ட்சாட் வண்ணப்படத்தில் ஒரு பிக்சல் 30 மீட்டர். அந்தக் கணக்கில் முழுச் சேதுவும் 970 பிக்சலுக்குள் அடங்கி, சாதாரணத் திரையில் பாதி அகலத்தில் முடிந்துவிடும். பிக்சல் ஒரு மீட்டர் என்றால் 29,000 பிக்சல். 4கே திரைகள் எட்டை வரிசையாக வைக்க வேண்டும். முதல் படத்தில் கரையோடு கரை சேரும் ஒரு கோடு தெரிகிறது. இரண்டாவதில் கோடு மறைந்து திட்டுகளும் கால்வாய்களும் ஆழமற்ற நீரும் தெரிகின்றன. 2002 வாக்கில் நாசாவின் படங்களை வைத்து, இதோ மனிதர் கட்டிய பாலம் என்று ஒரு செய்தி பரவியது. படங்கள் எங்களுடையவைதான், விளக்கம் எங்களுடையதல்ல, சுற்றுப்பாதையிலிருந்து எடுத்த படம் ஒரு திட்டின் வயதையோ தோற்றத்தையோ சொல்லாது என்றது நாசா. போதுமான பதில்தான். ஆனால் சேதுவின் ஊடே கப்பல் கால்வாய் வெட்டும் சேதுசமுத்திரத் திட்டம் 2005-ல் தொடங்கியதும் சச்சரவு வலுத்தது. 2007-ல் தொல்லியல் துறையின் பிரமாணப் பத்திரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போய், எதிர்ப்பில் திரும்பப் பெறப்பட்டது. 2024-ல் இஸ்ரோ விஞ்ஞானிகள், ஐஸ்சாட்-2 செயற்கைக்கோளின் லேசர் தரவைக் கொண்டு, 10 மீட்டர் நுணுக்கத்தில் கடலடி வரைபடம் வெளியிட்டார்கள்; சேதுவின் 99.98 விழுக்காடு நீருக்கடியில் இருப்பதாக அது காட்டியது. அதையும் மனிதர் கட்டியது என்பவர்களும் இயற்கைத் திட்டு என்பவர்களும் தத்தமக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

நுணுக்கம் கூடக் கூட வழக்கு ஏன் தீரவில்லை? நம் சமயவாதிகள் இதற்கு வழி வகுத்து வைத்திருக்கிறார்கள். மணிமேகலையில் அறவண அடிகள் காட்சி, கருத்து என இரண்டே அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, ஒப்புகிறார். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாச்சாரியார் மற்றவர்கள் சொல்லும் அளவைகளையெல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறார். எண்ணிக்கையில்தான் பூசல், ஒவ்வோர் அளவைக்கும் தனித்தனி வேலை உண்டு என்பதில் இல்லை. செயற்கைக்கோள் படம் காண்டல். திட்டின் வயதும் அது உருவான விதமும் கருதல். துளையிட்டு, பவளத்தையும் மணலையும் சோதித்து அனுமானிக்க வேண்டியவை. இது இராமன் சேது என்பது உரை, நூல்வழி வந்த சொல். ரெசல்யூஷனைக் கூட்டுவது காண்டலைத்தான் கூர்மையாக்கும். எவ்வளவு கூர்மையானாலும் அது உரையாக மாறாது, உரையை அழிக்கவும் செய்யாது. காசிக்குப் போகுமுன் சேது மணலை அள்ளிக்கொள்ளும் யாத்திரிகர் முழுச் சேதுவை மேலிருந்து பார்த்தவரல்லர். பார்க்க வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. அவருடைய நம்பிக்கைக்கு வானத்திலிருந்து சான்று தேடித் தந்தவர்கள், அவர் கேட்காத ஒன்றைக் கொடுத்து, அது பொய்த்தால் நம்பிக்கையும் பொய்க்கும் என்ற புதிய ஆபத்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அந்தி வெளிச்சத்தில் தெரிவது கட்டையா மனிதனா என்ற ஐயம் கிட்டப் போனால் தீருமே, அதுபோல இதுவும் தீராதா என்று கேட்கலாம். ஒரு பகுதி தீரும். அங்கே இருப்பது மணலா, பவளமா, பாறையா என்பது கிட்டப் போனால் தெரியும். மனிதக் கை பட்டதா என்பதையும் கருதலால் ஆராயலாம், ஆராயவும் வேண்டும். நம்பிக்கையின் பேரில் அந்த ஆய்வைத் தடுப்பதை நான் ஏற்கமாட்டேன். ஆனால் ஆய்வு எப்படி முடிந்தாலும், சேதுவில் நீராடுவது பொருளுள்ளதா என்ற கேள்வி அந்த முடிவுக்காகக் காத்திருக்காது. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: நுண்மையான படத்தைச் சுருக்கிப் பருமையாக்கலாம், பருமையானதை நுண்மையாக்க முடியாது, ஆகவே நுண்மையே மேல். பதிவு செய்வதற்கு இது முழுக்க உண்மை. 30 மீட்டர் படத்தைப் பெரிதாக்கும்போது இடைவெளியைக் கணினி தன் கணக்கால் நிரப்புகிறது. கல் அடுக்கியதுபோல் தெரிவதில் எவ்வளவு கடலுடையது, எவ்வளவு கணினியுடையது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஆகவே எல்லாப் பார்வையும் சமம் என்று சொல்லி நான் நழுவவில்லை. எடுத்த அளவுக்கு மேல் படத்தைப் பேச வைப்பது பிழை. ஆனால் நுண்பதிவை எந்த அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பது என்பதை நம் கேள்விதான் தீர்மானிக்கும், பதிவு தீர்மானிக்காது.

அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டிருந்தால் காண்டலுக்கு வேலை நிறையவே இருந்தது. பாம்பனின் வல்லம் என்ற நாட்டுப்படகு ஒன்று 30 மீட்டர் பிக்சலுக்குள் காணாமல் போய்விடும். 2022 மார்ச்சில் இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பி வந்தவர்களைப் படகோட்டிகள் அரிச்சல்முனைக்கு அப்பால் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். கைக்குழந்தையோடு அங்கே தவித்தவர்களைக் கடலோரக் காவல்படை மீட்டது. பாலமா திட்டா என்று வாதாடிய படங்களின் அளவில் அவர்கள் ஒரு புள்ளிகூட இல்லை. எந்தத் திட்டு எந்தப் பருவத்தில் தலைகாட்டும், எந்த இடைவெளியில் வல்லம் போகும், எங்கே ஆள் நிற்க முடியும் என்பவை காண்டலால் தீரும் கேள்விகள். அவற்றுக்கு ஒரு மீட்டர் நுணுக்கம் வேண்டும், அடிக்கடி எடுத்த படங்களும் வேண்டும். இராமனைத் தேட அந்தச் செலவு தேவையில்லை.