படத்தைத் திருத்தலாம், பார்ப்பவரை ஏமாற்றலாமா?

மீஞ்சூரில் போட்டோ ஸ்டூடியோ வைத்துப் பிழைக்கும் சகோதரர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஃபோட்டோஷாப் கொண்டு திருத்திக் கொடுக்கிறாராம். கையால் வரைந்த சித்திரங்களையும் ஸ்கேன் செய்து, கோடுகளைச் சீராக்கி, அச்சுக்குத் தயார் செய்கிறாராம். 'இந்தச் சம்பாத்தியம் ஹலால்தானா?' என்பது அவருடைய கேள்வி. கேட்க வேண்டிய கேள்விதான்.

புகைப்படம் கூடுமா, கூடாதா என்ற பழைய விவாதத்தில் நாம் நெடுநேரம் நிற்கப் போவதில்லை. உயிருள்ளவற்றின் உருவங்களை உண்டாக்குவோருக்கு மறுமையில் கடும் வேதனை உண்டு என்று வந்துள்ள ஹதீஸ்கள் ஸஹீஹானவை. அவற்றைக் கொண்டு புகைப்படத்தையும் தடுத்த உலமாப் பெருமக்கள் உண்டு. தேவைக்கு மட்டும் அனுமதித்தவர்களும் உண்டு. 1914 முதல் 1920 வரை எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்முதீஇ அவர்கள் வேறு விதமாக வாதித்தார்கள். கேமரா எதையும் படைப்பதில்லை. அல்லாஹ் படைத்த உருவத்தின் நிழலைப் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவே என்றார்கள். பாஸ்போர்ட்டுக்கும் ஹஜ் விண்ணப்பத்துக்கும் படம் கேட்கும் காலத்தில் வாழும் நாம், இந்த வாதத்தை ஒட்டியே மேலே செல்வோம். வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும், பின்னால் தேவைப்படும்.

படத்தைத் திருத்துவது கம்ப்யூட்டரோடு பிறந்த வழக்கமல்ல. ஃபிலிம் காலத்து ஸ்டூடியோக்களில், நெகடிவின் மீது கூர் சீவிய பென்சிலால் வேலை செய்யும் 'டச்சிங்' கலைஞர்கள் இருந்தார்கள். பென்சில் பட்ட இடம் அச்சில் வெளுத்து விழும்; முகச் சுருக்கமும் அம்மைத் தழும்பும் காணாமற்போகும். பின்னர் 1987இல் அமெரிக்காவில் தாமஸ் நோல் என்ற மாணவர் எழுதத் தொடங்கிய நிரல், அவருடைய சகோதரர் ஜான் நோலின் துணையோடு வளர்ந்து, 1990 பிப்ரவரியில் அடோப் நிறுவனத்தின் மூலம் ஃபோட்டோஷாப் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பல வருஷம் கை பழகினால்தான் வரும் வேலை, பத்து நிமிஷத்து வேலையாயிற்று. நல்ல வேலை மலிந்தது போலவே பொய்யும் மலிந்தது.

மதீனாவின் கடைவீதியில் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றபோது, அதனுள் கையை விட்டுப் பார்த்தார்கள், விரல்கள் நனைந்தன. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், மோசடி செய்பவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வியாபாரி வாயால் ஒரு பொய்யும் சொல்லவில்லை. காய்ந்தது மேலே, நனைந்தது கீழே என்று குவியல் கிடந்தது, அவ்வளவுதான். ஃபோட்டோஷாப்பில் நடப்பதும் எது மேலே தெரிய வேண்டும், எது கீழே மறைய வேண்டும் என்று அடுக்குவதே. (அந்தச் சாதனத்தில் அதற்கு 'லேயர்' என்றே பெயர், அடுக்கு என்று பொருள்.)

மீஞ்சூர், பொன்னேரி வட்டாரத்தில் மனை வியாபாரம் நடப்பதை நாம் அறிவோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் வடசென்னையும் சுற்றுப்புறமும் தண்ணீரில் நின்றதையும் அறிவோம். மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும் மனையின் படத்தைக் கொண்டுவந்து, தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பச்சைப் புல்லை விரித்துத் தரும்படி கேட்கிறார்கள் என்று நம் சகோதரர் எழுதுகிறார். தானியக் குவியலின் ஈரம் அப்படியே இங்கே வந்துவிட்டது! வளைகுடாவில் வெயிலில் நின்று சேர்த்த பணத்தை, செல்போனில் வந்த அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஒருவன் அனுப்புகிறான். அப்படிப்பட்ட படத்தைச் செய்து கொடுப்பவர், 'நான் கூலிக்காரன், விற்பவர் அவர்' என்று தப்ப முடியாது. பாவத்தில் ஒருவருக்கொருவர் துணை போகக் கூடாது என்பது திருமறையின் ஐந்தாம் அத்தியாயத்தில் உள்ள கட்டளை.

அதே மனையை மேகம் மூடிய நாளில் எடுத்திருந்தால், வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுப்பதில் தவறில்லை. கேமராவின் குறையை நீக்குவது வேறு, சரக்கின் குறையை மறைப்பது வேறு. வாங்குபவர் நேரில் வந்து நின்றால், படத்தில் கண்டது இதுதான் என்பாரா? அப்படியானால் திருத்தம் ஆகும். பழவேற்காட்டுப் பனையோலைப் பெட்டியைப் படம் பிடித்து விற்பவருக்கும் இதே அளவுகோல்தான். பல நாள் பால் கறக்காமல் விட்டு, மடி பெருத்த ஆட்டையும் ஒட்டகத்தையும் விற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஏமாந்து வாங்கியவர் திருப்பிக் கொடுக்கவும் உரிமை தந்தார்கள். அங்கே மடியும் பொய்யல்ல, பாலும் பொய்யல்ல. தோற்றம் மட்டுமே பொய்.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் விமானத்திலிருந்து பார்வையிடும் படம் ஒன்றை மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிட்டது. ஜன்னலுக்கு வெளியே மங்கலாகத் தெரிந்த காட்சியின் இடத்தில் தெளிவான வெள்ளக் காட்சி ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. கேலி எழுந்ததும் படத்தை நீக்கினார்கள். வெள்ளமும் உண்மை, அவர் வந்து பார்த்ததும் உண்மை. உண்மைக்கே ஒட்டுப் போட்டதனால் அதுவும் சந்தேகத்துக்கு ஆளாயிற்று.

இனித் திருமணப் படங்கள். பெண் பேசும்போது பார்த்துக்கொள்ளும்படி முகீரா பின் ஷுஃபா (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் கூறினார்கள். இருவரிடையே இணக்கம் நிலைக்க அதுவே ஏற்றது என்றும் கூறினார்கள். பார்ப்பது அறிவதற்காக. கறுத்த பெண்ணை வெளுப்பாக்கிய படத்தை அனுப்பினால், அனுமதியின் நோக்கமே பாழாகிறது. நேரில் வந்தவர்கள் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து முணுமுணுக்கும்போது, குனிந்த தலையோடு நிற்பது அந்தப் பிள்ளைதானே? கறுப்பைக் குறை என்று அவளுக்கு முதலில் சொன்னவர்கள் அவளைப் பெற்றவர்கள் ஆகிவிடுகிறார்கள். பிலால் (ரலி) அவர்களின் பெயரைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு, அவர்களின் நிறத்தை அழிக்கக் கூலி கொடுக்கிறோம்! நாளை மறையும் பருவை நீக்குவதை நாம் தடுக்க மாட்டோம். நாளையும் இருக்கப்போகும் நிறத்தையும் தழும்பையும் நீக்கக் கூடாது.

பழுதான பழைய படங்களின் விஷயத்தில் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது. வெள்ளத்தில் நனைந்து ஒட்டிக்கொண்ட தந்தையின் படத்தைக் கண்ணீரோடு கொண்டுவருகிறார்கள். கறையை நீக்குவதும் கீறலை மூடுவதும் நல்ல வேலை. (அதைத் தொழும் அறையில் மாட்டுவது தனிப் பிரச்சினை, மாட்டாதிருக்கட்டும்.) ஆனால் முகத்தில் பாதி அழிந்துவிட்டால், இப்போது வந்துள்ள செயற்கை நுண்ணறிவு அந்தப் பாதியைத் தானே கற்பித்து வரைந்துவிடுகிறது. கண்ணும் உதடும் அழகாகவே அமைகின்றன. அவை அந்தத் தந்தையுடையவை அல்ல. நிழலைப் பிடித்து நிறுத்துவது என்ற முஃப்தியின் வாதம் இங்கே செல்லாது. பிடிப்பதற்கு நிழலே இல்லாத இடத்தில் ஒரு முகம் உண்டாக்கப்படுகிறது. கையால் உருவம் வரைவதற்கு என்ன சட்டமோ, அதற்குள்ளேயே இது வருகிறது என்பது நம் கருத்து. அழிந்த இடத்தை அழிந்ததாகவே விட்டுக் கொடுப்பது நல்லது. உயிரோடு இருந்தபோது தாடி வைக்காத தந்தைக்குப் படத்தில் தாடியும் தொப்பியும் வைக்கச் சொல்லும் மகன்களும் இருக்கிறார்களாம். அவருக்காக துஆ செய்யட்டும்; தாடி வேண்டாம்.

கடைசியாக, கைச் சித்திரங்கள். உருவம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்து கேட்டபோது, வரைந்தே ஆக வேண்டுமானால் மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையும்படி கூறினார்கள். படகு, பூவேலை, கட்டட வரைபடம் இவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதில் தடையில்லை. வரைபடத்தில் மட்டும் கை கூச வேண்டும். 1996ஆம் ஆண்டு அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகத்தைப் பின்னால் வந்த வரைபடத்தில் காணோம் என்று மீனவர்களும் சூழலியல் ஆர்வலர்களும் 2017இல் முறையிட்டதை இப்பகுதி வாசகர்கள் அறிவார்கள்.

பள்ளிவாசல் மிஹ்ராபுக்காகவும் நிக்காஹ் அழைப்பிதழுக்காகவும் கையால் எழுதிய அரபி எழுத்துக்களை ஸ்கேன் செய்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தாளில் உள்ள தூசியையும் சிறு கறைகளையும் ஒரே சொடுக்கில் நீக்கும் வசதி அந்தச் சாதனத்தில் உண்டு. அதற்குத் தூசியும் புள்ளியும் ஒன்றே! ஜீமின் புள்ளி போனால் ஹா ஆகும்; மலை என்று பொருள்படும் 'ஜபல்', கயிறு என்று பொருள்படும் 'ஹப்ல்' ஆகிவிடும். ரஹ்மத்தின் முதல் எழுத்து மேல் ஒரு கறை ஒட்டிக்கொண்டால், தொல்லை என்று பொருள்படும் ஸஹ்மத் ஆகிவிடும். ஆதிகால முஸ்ஹஃபுகளில் இல்லாத புள்ளிகளை, ஓதுதலில் பிழை நேராதிருக்க, ஹஜ்ஜாஜின் ஆட்சிக் காலத்தில் நஸ்ரு பின் ஆஸிம் போன்ற அறிஞர்கள் இட்டதாக வரலாறு கூறுகிறது. நம் முன்னோர்களும் தமிழின் ஒலிகளுக்காக அரபி எழுத்துக்களில் கூடுதல் புள்ளிகளை வைத்தே அரபுத் தமிழை உண்டாக்கினார்கள்.

ஆகவே அரபி எழுத்தில் அந்த வசதியைத் தொடவே கூடாது. கறைகளை ஒவ்வொன்றாகக் கையால் நீக்க வேண்டும். அச்சுக்கோ கல்வெட்டுக்கோ போகுமுன், ஓதத் தெரிந்த ஒருவர் மூலத்தையும் நகலையும் அருகருகே வைத்துப் புள்ளி புள்ளியாக ஒப்பிட வேண்டும். அதற்குப் பிடிக்கும் நேரத்துக்கும் சேர்த்தே கூலி பேசிக்கொள்ளலாம். அந்தக் கூலி ஹலாலே.