தஞ்சம் கேட்டவர்களின் கணக்கு

2015-ஆம் ஆண்டில் எத்தனை பேர் ஜெர்மனியிடம் தஞ்சம் கேட்டார்கள்? அந்நாட்டு அரசின் ஏடுகளிலேயே இதற்கு மூன்று விடைகள் உண்டு. 2016 ஜனவரியில் உள்துறை அமைச்சகம் அறிவித்த எண் 10,91,894. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில், உள்துறை அமைச்சர் தோமஸ் டி மெசியர் வந்தவர்களின் எண்ணிக்கையைச் சுமார் 8,90,000 என்று திருத்தினார். 2015-இல் முறைப்படி பதிவான தஞ்ச விண்ணப்பங்களோ 4,76,649.

இந்த மூன்றில் எதையும் யாரும் இட்டுக்கட்டவில்லை. ஒவ்வொன்றும் வேறொன்றை எண்ணியது, அவ்வளவுதான். ஆனால் ஊர்வலங்களிலும் தேர்தல் மேடைகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் மூன்றும் ஒரே பொருளில் வீசப்பட்டன. அகதிகளைப் பற்றிய புள்ளிவிவரத்தைப் படிக்கப் பழகாத சமூகம் அகதிகளுக்கு நியாயம் செய்யவும் முடியாது, தன் ஐயங்களை நேர்மையாகக் கேட்கவும் முடியாது. ஆகவே அந்தக் கணக்கை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்ப்போம்.

தலையை எண்ணுவதும் தாளை எண்ணுவதும்

முதல் எண் ‘ஈசி’ எனப்பட்ட கணினிப் பதிவிலிருந்து வந்தது. தஞ்சம் கேட்டு வருபவர்களை ஜெர்மனியின் 16 மாநிலங்களுக்கும் பங்கிட்டு அனுப்புவதுதான் அதன் வேலை. எந்த மாநிலம் எத்தனை பேரை ஏற்க வேண்டும் என்பது வரி வருவாயையும் மக்கள்தொகையையும் கொண்டு கணக்கிடப்படும். படுக்கை தேட உதவும் பதிவுக்குப் பெயரும் கைரேகையும் தேவைப்படவில்லை. எந்த நாட்டவர், எத்தனை பேர் என்று தெரிந்தால் போதும். ஒரு நகரத்தில் பதிவானவர் உறவினரைத் தேடி இன்னொரு நகரத்துக்குப் போய் மறுபடி பதிந்தால் அந்தப் பதிவில் அவர் இரண்டு பேர். பதிந்துவிட்டு ஸ்வீடனுக்கோ வேறு நாட்டுக்கோ போய்விட்டவரும் கணக்கில் இருந்தார். இவற்றைக் கழித்த பிறகு கிடைத்ததுதான் 8,90,000.

மூன்றாவது எண் எண்ணியது தாளை. நியூரெம்பெர்க்கில் தலைமையகம் கொண்ட, குடியேற்றத்துக்கும் அகதிகளுக்குமான கூட்டாட்சி அலுவலகத்தில் ஒருவர் நேரில் விண்ணப்பம் கொடுத்தால்தான் அது இந்தக் கணக்கில் ஏறும். 2015 இலையுதிர் காலத்தில் அந்த அலுவலகத்தால் வருகையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. விண்ணப்பம் கொடுப்பதற்கான நாள் கிடைக்கவே பலர் மாதக்கணக்கில் முகாம்களில் காத்திருந்தார்கள்.

இதனால் வரைபடத்தின் உச்சி இடம் மாறிவிட்டது. 2016-இல் பதிவான விண்ணப்பங்கள் 7,45,545. அந்நாட்டு வரலாற்றிலேயே அதுதான் மிக அதிகம். ஆனால் 2016-இல் புதிதாக வந்தவர்கள் சுமார் 2,80,000 பேர்தான். அந்த ஆண்டு மார்ச்சிலேயே, அவர்கள் வந்துகொண்டிருந்த பால்கன் வழி அடைபட்டிருந்தது; வருகையைக் கட்டுப்படுத்தத் துருக்கியுடன் ஐரோப்பிய ஒன்றியம் உடன்பாடும் செய்துகொண்டிருந்தது. விண்ணப்ப வரைபடத்தை மட்டும் பார்ப்பவர் 2016-இல் கூட்டம் பெருகியது என்பார். உண்மையில் வருகை குறைந்து, காத்திருந்த வரிசைதான் நகர்ந்தது.

தாளுக்குள்ளும் பிரிவுகள் உண்டு. முதல்முறை விண்ணப்பம் வேறு, மறுக்கப்பட்டவர் புதிய காரணத்தோடு கொடுக்கும் மறுவிண்ணப்பம் வேறு. 2020-இல் ஜெர்மனியில் பதிவான முதல்முறை விண்ணப்பங்கள் 1,02,581. இவற்றில் 26,520 விண்ணப்பங்கள் ஜெர்மன் மண்ணிலேயே பிறந்த, ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுடையவை. தஞ்ச நடைமுறையில் இருக்கும் பெற்றோருக்குக் குழந்தை பிறந்தால் அதன் பெயரிலும் விண்ணப்பம் வைக்கப்பட்டதாகச் சட்டம் கொள்கிறது. அந்த ஆண்டு எல்லை தாண்டி வந்து கேட்டவர்கள் 76,061 பேர்தான். நான்கில் ஒரு விண்ணப்பத்துக்கு உரியவர் எந்த எல்லையையும் தாண்டியதில்லை.

இன்னொரு பெருங்கூட்டம் இந்தக் கணக்கில் வரவே இல்லை. 2022-இல் போருக்குத் தப்பி ஜெர்மனிக்கு வந்த உக்ரைனியர் பத்து லட்சத்துக்கும் மேல். ஐரோப்பிய ஒன்றியம் அவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பை நேரடியாக வழங்கியதால், அவர்கள் தஞ்ச விண்ணப்பம் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஆண்டின் தஞ்சக் கணக்கு 2,44,132 விண்ணப்பங்களோடு நின்றது.

முடித்துவைக்கப்பட்ட மனு

அடுத்த அடுக்கு முடிவுகள். நம் ஊர் மனுநீதி நாளில் மனு கொடுத்தவர்களுக்குத் தெரியும்: ‘மனு முடித்துவைக்கப்பட்டது’ என்று ஏட்டில் எழுதினால் கோரிக்கை நிறைவேறியது என்று பொருளாகாது. நிராகரிக்கப்பட்டிருக்கலாம், வேறு துறைக்கு அனுப்பப்பட்டிருக்கலாம், மனுதாரர் வராமலே போயிருக்கலாம். தஞ்சக் கணக்கிலும் இதே கதைதான்.

2016-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு அலுவலகம் எடுத்த முடிவுகள் 6,95,733. அகதித் தகுதி பெற்றவர்கள் 2,56,136 பேர். துணைநிலைப் பாதுகாப்பு பெற்றவர்கள் 1,53,700 பேர். நாடுகடத்தத் தடை என்ற அளவில் பாதுகாப்பு பெற்றவர்கள் 24,084 பேர். மறுக்கப்பட்டவர்கள் 1,73,846 பேர். மிச்சமுள்ள 87,967 வழக்குகள், கோரிக்கையின் நியாயத்துக்குள் போகாமலேயே முடிந்தவை. டப்ளின் ஒழுங்குமுறைப்படி வேறொரு ஐரோப்பிய நாடு விசாரிக்க வேண்டியவை, விண்ணப்பித்தவரே திரும்பப் பெற்றவை போன்றவை இதில் அடங்கும்.

முதல் மூன்றையும் கூட்டினால் பாதுகாப்பு பெற்றவர்கள் 4,33,920 பேர். இதை மொத்த முடிவுகளால் வகுத்தால் 62.4 விழுக்காடு. அதிகாரபூர்வமான ‘மொத்தப் பாதுகாப்பு விகிதம்’ இதுதான். இதைக் கேட்பவர் மீதி 37.6 விழுக்காட்டினர் பொய் சொல்லி வந்தவர்கள் என்று எண்ணக்கூடும். ஆனால் உள்ளடக்கத்தை ஆராய்ந்து மறுக்கப்பட்டவர்கள் 25 விழுக்காடுதான். யாரும் ஆராயாத வழக்குகளைக் கழித்துவிட்டு வகுத்தால் பாதுகாப்பு விகிதம் 71.4 ஆகிறது.

இந்த அட்டவணையிலிருந்தே இன்னும் இரண்டு விகிதங்களை எடுக்கலாம். அகதித் தகுதியை மட்டும் பார்த்தால் 36.8. ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 16அ பிரிவின்படி ‘தஞ்சம்’ பெற்றவர்களை மட்டும் பார்த்தால் 2,120 பேர், அதாவது 0.3 விழுக்காடு.

இந்த 0.3 ஒரு வரலாற்றின் மிச்சம். 1992-இல், முன்னாள் யூகோஸ்லாவியா பற்றி எரிந்துகொண்டிருந்தபோது, ஜெர்மனியில் 4,38,191 பேர் தஞ்சம் கேட்டார்கள். 1993-இல் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. பாதுகாப்பான நாடு ஒன்றின் வழியாக வந்தவர் அரசியல் சட்டத் தஞ்சத்தைக் கோர முடியாது என்றானது. ஜெர்மனியைச் சுற்றி அப்படிப்பட்ட நாடுகளே இருப்பதால், தரைவழி வந்தவர்களுக்கு அந்தக் கதவு அநேகமாக மூடப்பட்டது. அதன் பிறகு பாதுகாப்பு பெற்றவர்களில் பெரும்பாலோர் 1951-ஆம் ஆண்டின் ஜெனீவா அகதிகள் உடன்படிக்கையின் அடிப்படையிலும் ஐரோப்பியச் சட்டத்தின் அடிப்படையிலும் பெற்றவர்கள். ‘ஆயிரத்தில் மூன்று பேர்தான் உண்மையான அகதிகள்’ என்று மேடையில் சொல்பவர் கையில் இருப்பது சரியான எண். அதைக் கொண்டு அவர் சொல்வது பெரும் பொய்.

ஒரு சொல் மாறினால்

பாதுகாப்பின் வகைகளை ஒன்றாகக் கூட்டிவிடும்போது இன்னொன்று மறைகிறது. 2015-இல் துணைநிலைப் பாதுகாப்பு பெற்றவர்கள் 1,707 பேர். அடுத்த ஆண்டில் அது 1,53,700 ஆனது. சிரியாவில் போர் ஓராண்டில் இயல்பு மாறிவிடவில்லை. நடைமுறைதான் மாறியது. 2015-இல் சிரியர்கள் பெரும்பாலும் எழுத்து வடிவக் கேள்வித்தாளின் அடிப்படையிலேயே அகதித் தகுதி பெற்றார்கள். 2016 தொடக்கத்திலிருந்து மறுபடி ஒவ்வொருவரும் நேரில் விசாரிக்கப்பட்டார்கள். தனிப்பட்ட முறையில் குறிவைக்கப்பட்டவர் அகதி, போரின் பொதுவான ஆபத்திலிருந்து தப்பியவர் துணைநிலைப் பாதுகாப்புக்கு உரியவர் என்ற பிரிவு இறுக்கமாகப் பின்பற்றப்பட்டது. அந்த ஆண்டு சிரியர்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் இரண்டாம் வகையில் விழுந்தார்கள்.

விகிதத்தைப் பார்ப்பவருக்கு இது தெரியாது. இரண்டும் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே கூட்டுத்தொகையில் சேர்ந்துவிடும். பாதுகாப்பு பெற்ற மனிதருக்குத் தெரியும். அகதித் தகுதி பெற்றவருக்கு மூன்றாண்டு வதிவிட அனுமதி. மற்றவருக்கு அப்போதைய சட்டப்படி முதலில் ஓராண்டு. அதைவிடக் கொடியது வேறு. 2016 மார்ச்சில் வந்த சட்டம், துணைநிலைப் பாதுகாப்பு பெற்றவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்வதை இரண்டாண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. 2018 ஆகஸ்டிலிருந்து மாதத்துக்கு 1,000 பேர் என்ற வரம்போடுதான் அது மீண்டும் திறந்தது. ஒரே தெருவில் குண்டு விழுந்து ஓடிவந்த இரண்டு பேரில் ஒருவரின் மனைவி மக்கள் வந்து சேர, மற்றவர் ஆண்டுக்கணக்கில் தொலைபேசியில் குடும்பம் நடத்தினார். ஆண்டறிக்கையில் இருவரும் 62.4-க்குள் இருக்கிறார்கள்.

அலுவலகத்துக்கு அப்பால்

அலுவலகத்தின் முடிவு கடைசி முடிவுமல்ல. மறுக்கப்பட்டவர் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். 2017-இல் நீதிமன்றங்கள் உள்ளடக்கத்தை ஆராய்ந்து தீர்ப்பளித்த தஞ்ச வழக்குகளில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு, வழக்குத் தொடுத்தவருக்குச் சாதகமாக முடிந்தன. அந்த வெற்றிகள் அலுவலகத்தின் முந்தைய ஆண்டு விகிதத்தைப் பின்னோக்கித் திருத்துவதில்லை. அங்கே அவர் என்றென்றும் மறுக்கப்பட்டவர்.

நீதிமன்றத்திலும் தோற்றவர் எல்லாரும் நாட்டை விட்டுப் போவதுமில்லை. ‘டுல்டுங்’ என்று ஜெர்மன் மொழியில் ஒரு சொல் உண்டு. பொறுத்துக்கொள்ளுதல் என்று பொருள். கடவுச்சீட்டு இல்லாமை, நோய், சொந்த நாடு ஏற்க மறுத்தல் போன்ற காரணங்களால் திருப்பி அனுப்ப முடியாதவருக்கு அந்தத் தாள் தரப்படும். 2023 இறுதியில் வெளியேற வேண்டியவர்கள் என்று ஏட்டில் இருந்த சுமார் 2,42,000 பேரில் சுமார் 1,94,000 பேர் அந்தத் தாளோடு வாழ்ந்தவர்கள். 1980-களில் கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி மேற்கு பெர்லினுக்குள் வந்த இலங்கைத் தமிழர் பலரும், தஞ்சம் மறுக்கப்பட்டு அந்தத் தாளோடு ஆண்டுகளைக் கழித்தவர்கள்தான். அக்காலத்து அட்டவணையில் அவர்கள் ‘நிராகரிப்பு’ என்ற பத்தியில் இருக்கிறார்கள்.

விகிதம் உயர்வதும் தாழ்வதும் எந்த வழக்குகள் எப்போது எடுக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தும் இருக்கிறது. 2024 டிசம்பர் 8-இல் சிரியாவில் அசாத் ஆட்சி வீழ்ந்தது. மறுநாளே ஜெர்மன் அலுவலகம் சிரியர்களின் விண்ணப்பங்கள் மீதான முடிவுகளை நிறுத்திவைத்தது. பெரும்பாலும் பாதுகாப்பு பெற்றுவந்த ஒரு பிரிவு கணக்கிலிருந்து விலகினால், மற்ற நாட்டவர்களின் நிலை அப்படியே இருந்தாலும் மொத்த விகிதம் இறங்கும். இறங்கியதைப் பார்த்து ‘பொய் விண்ணப்பங்கள் பெருகிவிட்டன’ என்று சொல்வது தவறு.

ஜெர்மன் அலுவலகத்தை ஒன்றுக்காகப் பாராட்ட வேண்டும்: விண்ணப்பங்களிலும் முடிவுகளிலும் மேலே சொன்ன பிரிவுகளை அது மாதந்தோறும் வெளியிடுகிறது. யாரும் கூட்டிப் பார்க்கலாம், வகுத்துப் பார்க்கலாம். இந்தியா 1951 உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. ஆகவே இத்தகைய அட்டவணை நமக்கு வாய்க்கவே இல்லை. எண்ணப்படாதவருக்காக யாரும் வாதாட முடியாது.

எனவே வாசகரே, அகதிகளைப் பற்றி ஒரு விழுக்காடு உங்கள் முன் வைக்கப்பட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எண்ணியது மனிதரையா, தாளையா? எந்த எண்ணை எந்த எண்ணால் வகுத்தார்கள்? அந்த முடிவுக்குப் பிறகு அவருக்கு என்ன ஆயிற்று? மூன்றுக்கும் விடை தராதவர் சொல்லும் எண்ணை நம்பி, ஒரு மனிதரையும் மெய்யர் என்றோ பொய்யர் என்றோ தீர்மானிக்காதீர்கள்.