சிறுவாட்டுக் கணக்கு

தொழில்முனைவோர் பயிலரங்குகளுக்குத் தமிழ்த்துறையிலிருந்து ஒருவரை அழைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ‘வள்ளுவர் காட்டும் தலைமைப் பண்புகள்’ என்று ஒரு மணி நேரம் பேச வேண்டும். பேச்சாளருக்கு வேலை எளிது. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்று 60, 61, 62ஆம் அதிகாரங்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன. நானும் பேசியிருக்கிறேன். அதே பொருட்பாலில் 91ஆம் அதிகாரம் என்று ஒன்று உண்டு. பெண்வழிச் சேறல். மனைவியின் சொல்லுக்கு அடங்கி நடக்கும் ஆண் எந்தச் செயலுக்கும் ஆகமாட்டான் என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து வருபவை வரைவின் மகளிர், கள்ளுண்ணாமை, சூது. பெண் சொல் கேட்பது எந்த வரிசையில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைத் தலைப்புகளே சொல்லிவிடும்.

இந்த அதிகாரத்தை எந்தப் பயிலரங்கிலும் யாரும் தொடுவதில்லை. அது நாகரிகம் கருதித்தான். ஆனால் தொடாமல் விட்டதால் அது இல்லாமல் போய்விடாது. 91ஐ எழுதிய காலத்தின் கண்கொண்டுதான் 61ஐயும் படிக்க வேண்டியிருக்கிறது. சோம்பலை விடு, ஊக்கம் கொள், விடாமல் முயல் என்று சொல்லப்படுகிறவன் யார்? அவனுக்கு யாரோ சோறு வடித்துவிட்டார்கள். அவன் பிள்ளையை யாரோ தூங்க வைத்துவிட்டார்கள். மிச்சமிருப்பது அவனுடைய மனம் ஒன்றுதான். அதை அவன் சரிசெய்துகொண்டால் போதும்.

இரண்டாயிரம் ஆண்டு பழைய நூலை மட்டும் இதற்காகக் குறைசொல்வது நியாயமில்லை. டேல் கார்னகி 1936இல் எழுதியதிலிருந்து ஸ்டீபன் கவி 1989இல் வகுத்த ஏழு பழக்கங்கள் வரை, ராபின் சர்மா 2018இல் எழுதிய ‘5 ஏஎம் கிளப்’ வரை பழக்க நூல்கள் எல்லாமே தனியாக நிற்கும் ஒரு மனத்தை நோக்கித்தான் பேசுகின்றன. சர்மாவின் நூல் காலை ஐந்து மணிக்கு எழச் சொல்கிறது. முதல் ஒரு மணி நேரத்தை மூன்று இருபது நிமிடங்களாகப் பிரித்து உடற்பயிற்சிக்கு ஒன்று, சிந்தனைக்கு ஒன்று, கற்றலுக்கு ஒன்று என்று ஒதுக்கச் சொல்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் நம் தெருவில் காலை ஐந்து மணிக்கு எந்தெந்த வீட்டில் விளக்கு எரிகிறது, எந்த அறையில் எரிகிறது என்று பார்த்தால் போதும். அந்த நேரத்தில் விழித்திருப்பவள் வெற்றிக்காக விழித்திருக்கவில்லை. அவளுக்கு அது பழக்கமுமில்லை, வேலை நேரம்.

2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதை எண்ணில் சொல்கிறது. ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில், ஊதியமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 289 நிமிடங்கள். ஆண்கள் 88 நிமிடங்கள். அந்த 88உம் வீட்டுவேலை செய்கிற ஆண்களின் கணக்கு மட்டும்தான். எதுவும் செய்யாதவர்கள் இந்தச் சராசரிக்குள்ளேயே வரவில்லை. வித்தியாசம் 201 நிமிடம். இருபது நிமிடத் துண்டுகளாக வெட்டினால் பத்துத் துண்டுகள். உடற்பயிற்சி, சிந்தனை, கற்றல் மூன்றையும் நாளுக்கு மூன்று முறை செய்துவிட்டு, ஒரு துண்டு நேரம் சும்மாவும் உட்காரலாம்.

ஆகவே என் கேள்வி, பழக்கம் நல்லதா என்பதல்ல. ஒருவருடைய ஒழுங்கு இன்னொருவருடைய நேரத்தால் ஆனதென்றால், அந்த ஒழுங்கை அவருடைய நற்பண்பு என்று சொல்லலாமா? ஆடம் ஸ்மித் வாழ்நாளின் பெரும்பகுதி தன் தாய் மார்கரெட் டக்ளஸோடுதான் வாழ்ந்தார். இறைச்சிக் கடைக்காரனும் ரொட்டி சுடுபவனும் தத்தம் ஆதாயத்துக்காக உழைப்பதால்தான் நமக்கு இரவு உணவு கிடைக்கிறது என்று எழுதினார். அந்த உணவைச் சமைத்தது யார் என்று ஸ்வீடன் நாட்டு எழுத்தாளர் காத்ரின் மார்சல் ஒரு புத்தகமே எழுதிக் கேட்டார். நம் ஊர் ஆய்வேடுகளின் நன்றியுரையிலும் இதே உணவு ஆறிக் கிடக்கிறது. ‘இரவு பகல் பாராது உறுதுணையாக நின்ற என் மனைவி’ கடைசிப் பத்தியில், தட்டச்சு செய்தவருக்குச் சற்று முன்னால் வருவாள்.

ஷெரில் சாண்ட்பெர்க் 2013இல் ‘லீன் இன்’ எழுதியபோது, வேலையில் முன்னேற நினைக்கும் பெண் எடுக்கும் முக்கியமான முடிவுகளில் ஒன்று யாரைத் துணையாகக் கொள்வது என்பது என்றார். இந்த வகை நூல்களில் அது நேர்மையான பேச்சு. ஆனால் வீட்டைப் பங்குபோடத் துணை வராதபோது படித்த பெண்கள் என்ன செய்கிறோம்? இன்னொரு பெண்ணை வேலைக்கு வைக்கிறோம். நம்முடைய ஐந்து மணி, அவளுடைய நான்கு மணியாகிறது. நான் கவிதை எழுதும் காலைப் பொழுதும் அப்படி வந்ததுதான். பெல் ஹூக்ஸ் அந்த நூலை விமர்சித்தபோது, இனமும் வர்க்கமும் அதில் எங்கே என்று கேட்டதன் பொருள் இங்கே பாத்திரம் துலக்கும் இடத்தில்தான் எனக்கு விளங்கியது. நாமோ சாதியையும் சேர்த்துக் கேட்க வேண்டியவர்கள்.

எங்கள் தெருமுனையில் ஓர் அக்கா பூ விற்கிறார். நள்ளிரவு தாண்டியதும் எழுந்து கோயம்பேட்டுக்குப் போய்விடுவார். எந்த நூலின் பட்டியலை வைத்துப் பார்த்தாலும் அவரிடம் எல்லாப் பழக்கமும் இருக்கின்றன. விடியுமுன் எழுகிறார். நாள்காட்டியைப் படிக்கிறார்: முகூர்த்த நாளா, வெள்ளிக்கிழமையா, ஆடி மாதமா, மார்கழிப் பனியில் மல்லிகை வரத்துக் குறையுமா என்று பார்த்து எத்தனை கிலோ எடுப்பது என்று முடிவுசெய்கிறார். கிலோவில் வாங்கி முழத்தில் விற்பதால் ஒவ்வொரு முழத்திலும் கணக்கிருக்கிறது. மாலைக்குள் விற்காத பூ வாடிவிடும் என்பதால் முடிவைத் தள்ளிப்போட அவருக்கு வழியில்லை. ‘துணிந்து இறங்கு’ என்ற பாடத்தை அவருக்கு யாரும் நடத்த வேண்டியதில்லை.

பிறகு ஏன் அவர் எந்த வெற்றிக் கதையிலும் இல்லை? காரணம் அவருடைய குணத்தில் இல்லை, தண்டலில் இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்று பேச்சு. கையில் தருவது 9000. நாளுக்கு நூறு வீதம் நூறு நாளில் 10000 கட்ட வேண்டும். பத்து சதவீதம் போலத் தெரியும். ஆனால் நாள்தோறும் அசலும் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக்கணக்கில் பார்த்தால் 75 சதவீதத்தைத் தாண்டும். வங்கிக் கடனில் தொழில் நடத்துகிறவர் எட்டு மணிக்கு எழுந்தாலும் இந்த அக்காவை முந்திவிடுவார். துணிவைப் பற்றிப் பேசுகிறவர்கள், விழுந்தால் தாங்கிக்கொள்ளக் கீழே என்ன இருக்கிறது என்பதைப் பேசுவதில்லை. தமிழ்நாட்டில் மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் சம உரிமை 1989இலேயே சட்டமாகிவிட்டது. சீர் செய்தாயிற்று, நகை போட்டாயிற்று என்று கையெழுத்து வாங்குவது மட்டும் நிற்கவில்லை. அடமானம் வைக்க ஒரு சென்ட் நிலமில்லாதவளிடம் ‘பயத்தை வெல்’ என்று சொல்லிப் பயனில்லை. அவள் பயம் சரியான கணக்கு.

பெண் தெருவில் இறங்கி விற்பது நமக்குப் புதிதுமில்லை. அகநானூற்று 140ஆம் பாட்டில் உமணரின் மகள் உப்பு விற்கிறாள். தெருவில் விலை சொல்லிப் போகும்போது, பழகாத குரலைக் கேட்டு வீட்டு நாய் குரைக்கிறது. அவள் மிரளுகிறாள். மிரண்ட கண்ணைப் பார்த்துத் தலைவன் மயங்கிவிடுகிறான். மீதிப் பாட்டு அவனுடைய நோயைப் பற்றியது. அன்று எவ்வளவு உப்பு விற்றது என்று நமக்குத் தெரியாது. வகுப்பில் இந்தப் பாட்டை நடத்தும்போதெல்லாம் மாணவிகள் நாயிடத்தில் நின்றுவிடுகிறார்கள். வீடு வீடாகப் போய் நைட்டி விற்றவர்கள் அவர்களில் இருக்கிறார்கள்.

தமிழில் ‘பழக்கம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். திரும்பத் திரும்பச் செய்வதும் பழக்கம், ஒருவரை அறிந்திருப்பதும் பழக்கம். ‘அவங்க நமக்கு நல்ல பழக்கம்’ என்கிறோம். வெற்றி நூல்கள் முதல் பொருளை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. பூக்கார அக்காவின் தொழில் நிற்பது இரண்டாவதில். காசு குறையும் நாளில் கோயம்பேட்டில் சரக்குக் கொடுப்பது பழக்கத்தில். அவர் மருத்துவமனைக்குப் போனால் பக்கத்தில் காய்கறி விற்பவர் பூவையும் சேர்த்து விற்றுத் தருவது பழக்கத்தில். ஜெயா அருணாசலம் 1978இல் சென்னையில் உழைக்கும் மகளிர் மன்றத்தைத் தொடங்கியபோது கைக்கொண்டதும் இந்த இரண்டாவது பொருளைத்தான்: ஈடு காட்ட எதுவுமில்லாத சிறுவியாபாரிப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கடன் பெற்றார்கள். பின்னாளில் நுண்கடன் நிறுவனங்கள் அதே பழக்கத்தைத் தவணை வசூலுக்குப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டன. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வாசலில் போய் உட்கார வேண்டும். தோழமையை ஈடாக வைத்தால் ஏலத்துக்குப் போவதும் தோழமைதான்.

மும்பையில் 1959இல் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளத்தில் உறுப்பினர்கள் எல்லோரும் ‘சகோதரிகள்’, எல்லோரும் உடைமையாளர்கள். காலையில் மாவு வாங்கிப் போய் வீட்டில் உருட்டிக் கொண்டுவருகிறார்கள். உழைப்பு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது என்ற குறை எனக்கு அதில் உண்டு. ஆனாலும் தலைமை என்றால் ஒரு தலை என்று பொருளல்ல என்பதற்கு அதைக் காட்டாமல் இருக்க முடியாது.

நம் வீடுகளில் இதற்கெல்லாம் முந்திய ஒரு நிறுவனம் இருந்தது. சிறுவாடு. அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் புடவை மடிப்பிலும் சேர்ந்த காசு. பால் விற்றது, முட்டை விற்றது, கடைக்குக் கொடுத்த பணத்தில் மிச்சம் பிடித்தது. எத்தனையோ பிள்ளைகளின் பரீட்சைக் கட்டணம் அதிலிருந்துதான் வந்தது. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, பல பெண்கள் ஒளித்த இடத்திலிருந்து அதை எடுத்துக் கணவன் கையில் கொடுத்து மாற்றித் தரச் சொல்ல வேண்டிவந்தது. ‘இவ்வளவு சேர்த்து வச்சிருந்தியா’ என்று வீடுகளில் சிரிப்பாகவும் அடியாகவும் கேட்டார்கள். சேமிப்பை உயர்ந்த பழக்கம் என்று போற்றும் அதே சமூகம்தான் அதைத் திருட்டு என்றும் பார்த்தது. சேர்த்தவள் யார் என்பதைப் பொறுத்தே அதன் பெயர் மாறியது.

இதையெல்லாம் வகுப்பில் பேசிக்கொண்டிருந்த நாளில் முதுகலை இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறவள். “அதெல்லாம் சரிங்கம்மா. சமூகம் மாறுற வரைக்கும் நான் தூங்கிட்டு இருக்க முடியாதில்ல? எனக்கு அந்தப் புக்குல சொல்றதுதான் பிடிச்சிருக்கு. அஞ்சு மணிக்கு எந்திரின்னு ஒருத்தர் நம்மகிட்ட சொல்றாரே, நாமளும் ஒரு ஆளுன்னு நினைச்சுத்தானே” என்றாள்.

அதற்கு உடனே சொல்ல என்னிடம் எதுவுமில்லை. எவரும் தன்னைத் தொழில் செய்பவளாக நினைத்துப் பேசியிராத ஒருத்திக்கு, அந்தப் புத்தகம் காட்டும் மரியாதையை நான் கையிலிருந்து பிடுங்க முடியாது. பழக்கம் அவளுக்கு வேண்டும். ஒரு பழக்கத்தை மட்டும் நான் கூடுதலாகச் சொன்னேன்: கணக்கு நோட்டில் ‘கூலி’ என்று ஒரு பத்தி போடு. உன் மணி நேரத்துக்கும் உனக்காக வேலை செய்கிற ஒவ்வொருவரின் மணி நேரத்துக்கும் தொகை எழுது. வணிகம் செய்கிறவர் பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேண வேண்டும் என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்கிறார். பிறர் நேரத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் உரை.

மூன்று வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவந்தாள். சேலைகளைப் பிரித்துப் படமெடுக்க விரித்துக் காட்டுவது, மடிப்பது, ஃபால்ஸ் தைப்பது, பார்சல் கட்டுவது எல்லாம் அம்மா. ஃபால்ஸுக்கு வெளியில் கொடுக்கும் கூலியையும் மற்ற மணி நேரத்துக்கு அம்மா வீட்டுவேலைக்குப் போகும் இடத்தில் வாங்கும் சம்பளத்தையும் வைத்துப் போட்டிருந்தாள். தம்பிக்கும் அப்பாவுக்கும் சமைத்த நேரத்தை எங்கே எழுதுவதென்று தெரியாமல் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தாள். அந்த மாதம் 4200 ரூபாய் லாபம் என்று நினைத்திருந்தது, கூலிப் பத்தியைக் கழித்தபின் 350 ஆகியிருந்தது.

“அம்மாகிட்ட காட்டினியா?”

“காட்டினேங்கம்மா. மொதல்ல சிரிச்சாங்க. பெத்த பொண்ணுகிட்ட கூலி வாங்குவேனான்னு கேட்டாங்க. ராத்திரி படுக்கறப்ப, அந்த ஃபால்ஸ் கணக்கு மட்டும் எவ்வளவு வருதுன்னு இன்னொரு தடவ சொல்லுன்னாங்க.”

அடுத்த மாதப் பக்கத்தில் அம்மாவின் பெயருக்கு நேரே 900 என்று எழுதி, ‘கொடுத்தாச்சு’ என்று டிக் அடித்திருந்தது. அந்தப் பணம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதாம். கேட்கவும் இல்லை என்றாள்.